மூன்றாவது வரி

"நேத்து நீங்க பெட்டியையே திறக்கலை, டாக்டர்."

வயலினைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த பல் டாக்டர் அப்படியே நின்றார். "அரை மணி நேரம் வாசிச்சேனே, டீச்சர்!"

"அது முந்தாநாள். ரெண்டாவது வரி நல்லா வந்திருக்கும். மூணாவது வரியில ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி ஓடியிருப்பீங்க. நேத்து ஒண்ணுமே இல்லை."

சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்கப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்குவது கேட்டது.

பாடம் முடிந்ததும் டீச்சர் தோள்பையை மாட்டிக்கொண்டு, கதவோரம் சாய்த்து வைத்திருந்த நீளக் குடையை எடுத்தாள். அவரைவிட இருபது வயதாவது சின்னவள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கூச்சத்தை மறைக்க அவர் குடையின் முனையைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு முன்பல் தேய்ஞ்சு போச்சே, டீச்சர். ஒரு கேப் போட்டுடலாமா?"

"கொஞ்ச நாளா இதுகிட்ட ரொம்ப வேலை வாங்கிட்டேன்" என்று சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"நான் வாசிக்காததைப் போட்டுக் குடுக்கறது நீதானே?" என்று டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்கு வேற வேலை இல்லை பாருங்க! அவங்க நம்பர்கூட என்கிட்ட கிடையாது."

"பின்ன எப்படித் தெரியுது?"

"உங்க முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே."

அவருக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி வாயைத் திறந்ததுமே, முந்தின ராத்திரி பல் தேய்த்தவர் யார், தேய்க்காமல் வந்து சத்தியம் செய்பவர் யார் என்று அவருக்குத் தெரியும். அதுபோல டீச்சர் விரலைப் படிக்கிறாளோ? ஜன்னல் வெளிச்சத்தில் விரல் நுனிகளை நீட்டிப் பார்த்தார். தந்தி அழுத்திய மெல்லிய கோடுகள். இதில் நேற்றைய கோடு எது, முந்தாநாள் கோடு எது?

நாள் முழுக்க அவர் கையிலிருந்து கிளம்பும் சத்தத்துக்கு மனிதர்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்கள். ஒரு தடவையாவது, அதே கையிலிருந்து வரும் சத்தத்துக்கு யாராவது கண்ணை மூடித் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் நாற்பத்தைந்து வயதில் வயலின் வாங்கினார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், போனைப் பார்த்துத் தானாகவே இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. 'சிறுவர், பெரியவர் யாராயினும் வீட்டுக்கே வந்து வயலின் கற்றுத் தரப்படும்.' கூப்பிட்ட மறுநாளே டீச்சர் வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஒழுங்காகப் பெட்டியைத் திறந்தார். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி அவருக்கே பிடித்திருந்தது. மூன்றாவது வரியில் கால் வைத்தார்.

டொம். டொம். டொம்.

கூரையிலிருந்து சத்தம். பயத்தில் வில் இன்னும் வேகமெடுத்தது. மேலே இடியும் பலத்தது. டாக்டர் நிறுத்திவிட்டார்.

"வந்துட்டாரு உங்க ரசிகர்" என்றபடி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடிவந்த முதல் வாரத்துலேர்ந்து இதே கதை. டீச்சர் இருக்கும்போது ஒரு நாளாவது இடிச்சிருக்காரா அந்த மனுஷன்? நீங்க தனியா வில்லை எடுத்தாப் போதும், மேல உலக்கை இறங்குது."

"நான் என்ன பண்ணட்டும்?"

"வீட்டுக்காரர் காதுல அவர் ஒரு வார்த்தை போட்டா, நாம மறுபடி தெருத்தெருவா வீடு தேடணும். நாயா அலைஞ்சு கிடைச்ச வீடுங்க இது." அவள் குரல் தணிந்தது. "போய்ப் பேசுங்க. எந்த நேரத்துல வாசிச்சாப் பரவாயில்லைன்னு கேளுங்க. எந்த நேரமும் ஆகாதுன்னுட்டா, நாளைக்கே வயலினைக் கடையில திருப்பிக் குடுத்துடலாம்."

டாக்டர் வயலினைப் பெட்டியில் படுக்க வைத்தார். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் துணியை இழுத்து மூடினார்.

"நீயும் வாயேன்."

"பல்லைப் பிடுங்கற ஆளுக்குப் பயமா?"

"அங்க பிடுங்கறது நான். இங்க நாற்காலியில உட்காரப் போறதும் நான்தானே!"

இருவரும் படியேறினார்கள். ஒவ்வொரு வீடும் கதவைப் பூட்டிக்கொண்டு வாழும் கட்டடம் அது. மேல் வீட்டில் இருப்பது யாரென்று இதுவரை அவர்களுக்குத் தெரியாது. கதவில் பெயர்ப்பலகையும் இல்லை. "மன்னிக்கணும், இப்பத்தான் கத்துக்கறேன்... மன்னிக்கணும், இப்பத்தான்..." என்று டாக்டர் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

"இதையாவது ஓடாம நிதானமாச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து மனைவி முதுகில் இடித்தாள்.

அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே காலடி ஓசை நெருங்கி வந்தது. கதவு பாதி திறந்ததும், முதலில் அவர் கண்ணில் பட்டது தரையில் ஊன்றியிருந்த ஒரு நீளக் குடையின் தேய்ந்த முனை.

"எவ்வளவு பலமாத் தாளம் போட்டாலும் மூணாவது வரியில என்னை விட்டுட்டு ஓடிடறீங்களே, டாக்டர்!" என்றாள் டீச்சர்.