கறுப்புக் கண்ணாடி

தொட்டாலே காமாலை இறங்கும் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிய வைத்தியர் ஏகாம்பரம், மஞ்சளேறிய தன் கண்களைக் கறுப்புக் கண்ணாடிக்குள் மறைத்துக்கொண்டு, வெளியூர் ஆஸ்பத்திரியின் கல்லீரல் பிரிவில் காத்திருந்தார். அவர் அரைத்த கீழாநெல்லி அவரிடமே பலிக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐயா, நீங்க எங்க இங்க?"

"சொந்தக்காரர் ஒருத்தரப் பாக்க வந்தேம்மா."

"உங்க மருந்தத்தான் இவரு குடிச்சாரு. வயிறு வீங்கிடுச்சு. கல்லீரலே கெட்டுப்போச்சு, உடனே சேருங்கன்னு பயமுறுத்துறாங்க. நீங்க ஒருதடவ கண்ணப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னா இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

சுருண்டு கிடந்த கணவனின் இமையை அவளே இழுத்துப் பிடித்தாள். வைத்தியர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாக் கண்ணும் ஒரே நிறம்தான்.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்கய்யா."

வைத்தியரின் கை காதோரம்வரை போய் அங்கேயே நின்றது.