மினுங்கும் வாத்துகள்

கடைசி வாத்துக்கும் பளபளவென்று பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் குருமூர்த்திக்கு மூச்சே வந்தது. பின்வளவு ஷெட் முழுக்கப் பிளாஸ்டிக் வாத்துகள் புதுப் பாத்திரம் மாதிரி மினுங்கின.

"மினுங்கக் கூடாதெண்டெல்லோ வீட்டுக்கார டெரிக் சொன்னவர்?" வாசலில் நின்று கேட்டாள் மனைவி செல்வமலர்.

"உமக்கேன் இந்த வேலை? பெயின்ற் மணம் வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. உள்ளுக்குப் போம்."

இது ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. மனோர் பார்க் கோயில் முருகனுக்கு அவர்கள் வைக்காத நேர்த்தி இல்லை.

தோட்டத்துக் குளத்தில் மிதக்கவிடும் பொம்மைகள் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான், போன கிழமை டெரிக் விளக்கும் வரை. நிறம் போனவற்றைப் புதிதாகப் பூசி ஏரியில் விட்டால், உயிர் வாத்துகள் தம் இனமென்று நம்பிப் பக்கத்தில் இறங்குமாம். மறைந்திருப்பவர்கள் சுடுவார்களாம். பெயின்ட் மினுங்கினால் மட்டும் ஒன்றும் கிட்ட வராதாம்.

மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் ஒரு உயிரையும் கொல்லக் கூடாது. கொலைக்குத் துணை நின்றால் மட்டும் பாவம் விட்டுவிடுமா? வேலையை விடவும் முடியாது. இந்த வேலைக்காகத்தான் டெரிக் தன் வீட்டில் அவர்களை வாடகை வாங்காமல் சும்மா இருக்க விட்டிருந்தார்.

அதனால்தான் டெரிக் தந்த மினுங்காத பெயின்ட் டின்களை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, கடையில் மினுங்கும் பெயின்ட்டாகப் பார்த்து வாங்கி வந்தான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஷெட் காலி.

"டெரிக் வந்து ஏத்திக்கொண்டு போட்டார்," என்றாள் செல்வமலர். அவள் வளையலில் மண்ணிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. சிரிச்சவர்."

சனி, ஞாயிறு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டெலிபோன் அடித்தால் திடுக்கிட்டான். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எங்கே போவதென்று இல்ஃபோர்ட் மச்சானிடம் கேட்டும் வைத்தான். ஆனாலும் ஒரு உயிரும் போயிருக்காது என்று நினைக்கையில் நெஞ்சு ஆறியது.

திங்கட்கிழமை டெரிக் வந்தார். ஏசவில்லை. இந்த வருஷம் போல வாத்து வந்து இறங்கியதே இல்லை என்று முதுகில் தட்டி, ஒரு பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பைக்குள் இரண்டு வாத்துகள். இறகில் இரத்தம் காய்ந்திருந்தது.

அவன் பையைக் கீழே வைத்தான். "மினுங்கத்தானே பூசினனான்... எப்பிடி வந்தது?"

செல்வமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலை விட்டுக் குசினிக்குள்ளிருந்து சிரித்தபடி வந்தாள்.

"வீட்டால எழுப்பிப்போடுவாரெண்டு, நீங்கள் ஷிப்டுக்குப் போனாப் பிறகு அவர் தந்த பெயின்ற்றை எல்லாத்துக்கும் நான்தான் திருப்பிப் பூசினனான்!"