உபயம் சிவபாண்டி

“மூணடிக்கு ரெண்டடி. கருங்கல்லு. அதுல ஒரு அங்குலம் கொறைஞ்சாலும் எம்பேரு ஒக்காராது, தங்கச்சி,” என்றார் சிவபாண்டி.

திருநகர் பக்கம் கம்பி, சிமெண்ட் வியாபாரத்தில் அவர்தான் பெரிய கை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் முத்துச்செல்வி. புருசன் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கு அவள் கட்ட ஆரம்பித்த காப்பகம், சுவர் எழும்பி, மேல்தளம் போட வழியில்லாமல் பதினோரு மாதமாக வானம் பார்த்து நிற்கிறது.

அதுவரைக்கும் ஒன்பது பெண்களும் ஐந்து பிள்ளைகளும் ஒரு வாடகை வீட்டில். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதற்காக, ஆவணி முதல் தேதி காலி பண்ணினால் போதும் என்று வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணியிருக்கிறார். இன்றைக்கு வைகாசி இருபது.

“அண்ணே, பேருப்பலகையே வைக்கக் கூடாதுண்ணே. எடம் வெளிய தெரிஞ்சா மறுநாளே நாலு புருசன்மாரு அருவாளோட வாசல்ல நிப்பாக.”

“எம்பேரப் பாத்தா எவன் வருவான்? நான் அக்கா தங்கச்சியோட பொறந்தவன். பொம்பள மேல கை வைக்கிறவன நெனச்சாலே எனக்கு ரத்தம் கொதிக்குது.”

முத்துச்செல்விக்கும் கொதித்தது, வேறு காரணத்துக்கு. இது அவள் ஏறி இறங்கும் பதினேழாவது படி. ட்யூப் லைட்டு வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதில் உபயம் எழுதுகிற ஊர் இது. ஒரு மில்காரர், திறப்பு விழாவில் அந்தப் பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுக்கணும் என்றார். இன்னொருவர் ஃபேனின் மூன்று இறக்கையிலும் மூன்று மகன்கள் பேரை எழுதச் சொன்னார். ஓடினால் எந்தப் பேரும் தெரியாதே என்று கேட்டதற்கு, அப்ப ஓடவிடாதீங்க என்றார்.

பில் மேசையில் உட்கார்ந்திருந்த சிவபாண்டியின் மனைவி சீனியம்மாள், தலையைத் தூக்காமலே கேட்டாள். “வெளி கேட்டுக்கு எத்தன கேஜ் தகடு?”

“பதினெட்டுன்னு வெல்டிங்காரர் எழுதியிருக்காரு.”

“பதினெட்டா? பேப்பரு கணக்கால்ல இருக்கும். ஒருத்தன் நாலு மிதி மிதிச்சா ஒடுங்கி உள்ள வந்துரும். கனமா பன்னெண்டு போடச் சொல்லுங்க.”

ஓசிக்கு வந்த இடத்திலும் விலை கூடின சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறாளே என்று முத்துச்செல்வி பல்லைக் கடித்தாள்.

சிவபாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “சரி, கல்லு வேணாம். நீங்களும் எறங்கி வாங்க, நானும் எறங்கி வாரேன். எடத்தயாச்சும் காட்டுங்க. நம்ம லாரியே போயி எறக்கிரும்.”

“வண்டி நாங்க கொண்டாந்து ஏத்திக்கிறோம்ண்ணே. எடத்த மட்டும் கேக்காதீக.”

“எஞ்சரக்கு எங்க போகுதுன்னு எனக்கே தெரியக் கூடாதா? அப்ப நான் யாரு, களவாணியா?” அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. “இப்படிப் பேசுனா ஒரு மூட்டை கெடையாது. போயிட்டு வாங்க.”

முத்துச்செல்வி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அதையும் எவனாவது போட்டோ எடுப்பான் என்று அடக்கிக்கொண்டாள்.

“இங்க பாருங்க,” என்றாள் சீனியம்மாள் புருசனிடம். “கல்லுல பேரப் போட்டா, நாளைக்கே ஊர்ல உள்ள அம்புட்டு டிரஸ்ட்டும் நம்ம வாசல்ல தட்டேந்திக்கிட்டு நிக்கும். எடத்தப் போய்ப் பாத்தீகன்னா அதவிட மோசம். இன்னைக்குத் தளம்பாக, அடுத்து பைப்பும்பாக, அப்புறம் பெயிண்டும்பாக. எங்கன்னு தெரியாமக் குடுத்தா ஒரு தடவையோட போச்சு. தலையச் சுத்தி விட்டெறிஞ்சாப்ல.”

சிவபாண்டி மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “பாத்தீகளா தங்கச்சி, எம்பொண்டாட்டி மூளைய? எழுதுத்தா. ரெண்டு டன் கம்பி, நூத்தைம்பது மூட்டை சிமெண்ட். அந்தக் கனத்த தகடும் சேத்தே எழுது. அதோட சரி, இனி இந்தக் கடைப் பக்கம் யாரும் வரப்படாது.”

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோசம்தான் வரவில்லை. ஒரே பேச்சில் நம்மைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டாளே என்று நினைத்தபடி, முத்துச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை நோக்கி நடந்தாள்.

சரக்குச் சீட்டோடு சீனியம்மாள் பின்னாலேயே வந்தாள். உள்ளே சிவபாண்டி போனில், “தர்மம்னா வெளிய சொல்லிக்கிறக் கூடாது மாப்ள,” என்று ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

சீட்டை நீட்டியவள் அதைக் கையிலிருந்து விடவில்லை. “எடம் எங்கிட்டு இருக்கு? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

பதினேழு படியின் எரிச்சலும் முத்துச்செல்விக்கு ஒன்றாக வந்தது. “இம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசுனது எதுக்கும்மா? உங்க வீட்டுக்காரருக்கே சொல்லல. குடுக்கிறவுக யாருக்கும் சொல்றதில்ல.”

சீனியம்மாள் ஒரு தரம் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“தங்க வாரவளுக்குச் சொல்லுவீகள்ல?”