பஞ்சுமிட்டாய்க்காரர் பின்னால்

"உங்க அத்தை இருக்காளே, ஏழு வயசுல ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் பின்னாடியே போய்க் காணாமப்போனவ" என்று அண்ணன் ஆரம்பித்ததும், பிள்ளைகள் தட்டை நகர்த்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். அதனால் அவள் அண்ணனைத் தடுக்கவில்லை.

கதை எல்லோருக்கும் மனப்பாடம். கோடை விடுமுறை. சித்தி குடும்பமும் இவர்கள் குடும்பமும் ஒரே வேனில் அடைந்துகொண்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனார்கள். அப்பா மட்டும் வரவில்லை. கம்பெனி வேலையாக வெளியூர். ராட்டின வரிசையில் நின்றவளைத் திடீரென்று காணோம். பச்சை கவுன், இரட்டைச் சடை என்று ஒலிபெருக்கி கத்தியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அலுவலக அறையில் காவலாளி வாங்கிக்கொடுத்த ஐஸை நக்கிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எங்கேடி போனாய் என்று கேட்டால், பஞ்சுமிட்டாய்க்காரர் பின்னாடி என்கிறாள்.

அன்றிலிருந்து சொந்தபந்தத்தில் அவளுக்கு அதுவே பேர். கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாமா என்றுகூடச் சித்தப்பா கேட்டார்.

அண்ணன் எழுந்து நின்று, ஐஸ் நக்குவதை நடித்துக் காட்டினான். சின்னவனுக்குப் புரையேறியது.

அவளும் சிரித்தாள். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அவள் எந்தப் பஞ்சுமிட்டாய்க்காரர் பின்னாலும் போகவில்லை.

ஒரு முதுகைப் பார்த்தாள். முந்தின நாள் காலையில் அம்மா இஸ்திரி போட்டு அப்பாவின் பெட்டியில் வைத்த நீலக் கட்டம்போட்ட சட்டை. அதற்குள் அப்பா. அவர் தோளில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் நடந்த பெண்மணி அப்பாவின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவளை அப்பா ஒருநாளும் தோளில் ஏற்றியதில்லை. முதுகு வலி என்பார்.

வரிசையை விட்டு ஓடினாள். தண்ணீர்ச் சறுக்கில் ஆடிவிட்டுச் செருப்புப் போட மறந்திருந்தாள். சிமெண்டுத் தரை கொதித்தது. நொண்டி நொண்டி ஓடிக்கொண்டே இரண்டு தடவை "அப்பா" என்று கூப்பிட்டாள். அப்புறம் கூட்டம் குறுக்கே வந்துவிட்டது.

அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துப்போவாள் என்று அந்த வயதிலேயே எப்படியோ தோன்றியது. அலுவலக அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பஞ்சுமிட்டாய் வண்டி நின்றது. கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் நின்று துடைத்தாள். கூடத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா திரும்பாமலே சொன்னாள். "அன்னிக்கு நான் உன்னைத் தேடலடி."

இவள் கையில் துணி அப்படியே நின்றது.

"நீ ஓடினதைப் பாத்தேன். யார் பின்னாடி ஓடுறேன்னும் பாத்தேன். நாலு எட்டு வச்சிருந்தா உன்னைப் பிடிச்சிருப்பேன். பிடிக்கல. பெத்த பொண்ணு கூப்பிட்டாலாவது அந்த மனுஷன் திரும்பிப் பாக்குறாரான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தையை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்று கேட்க வாய்வரை வந்தது. அம்மாவின் கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்த கை. அந்தக் கைதான் அதற்குப் பிறகும் முப்பத்தொரு வருடம் அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டது. கடைசி மூன்று மாதம் அவருக்கு மலம் அள்ளியது.

"கூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது. "திரும்பினாரா?"

"இல்லம்மா. அந்த இரைச்சல்ல அவருக்குக் கேட்டிருக்காது."

அம்மா குழாயை மூடினாள்.

"கேட்டிருக்காது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அடுத்த தட்டை நீட்டினாள்.

இவள் வாங்கித் துடைத்தாள்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோதே அவர் திரும்பிவிட்டார். அவளை நேருக்கு நேர் பார்த்தார். தோளில் இருந்த குழந்தையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, லேசாகச் சிரித்து, இன்னொரு கையின் விரலை உதட்டின் மேல் வைத்தார்.