முள்வேலி

அன்று மாதனூர் மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் லோகநாதன், அவர் மனைவி தாயாரம்மாள், சினை ஊசி போடும் ஜான்சன், பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்த செவலைப் பசு. முள்வேலிக்கு அப்பால் லோகநாதனுடைய தம்பியின் காளை நின்றது.

“எத்தனை ஊசி போட்டும் சினை நிக்கல, பெரியவரே. உங்க தம்பி காளைக்கு விட்டுப் பாருங்க,” என்றார் ஜான்சன்.

“பாகம் பிரிச்சதுலேர்ந்து அவன்கிட்ட பேச்சே இல்ல. மாட்டுக்காகப் போய் நிப்பேனா?”

“அப்ப சந்தைக்கு ஓட்டுங்க. ஆம்பூர்ல செருப்பாவது ஆவும்,” என்றாள் தாயாரம்மாள்.

லோகநாதன் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

விடியலில் பாலாற்றுப் பனி கொட்டகைவரை வந்திருந்தது. பசு கத்தியது, காளை பதில் கொடுத்தது. பாதித் தூக்கத்திலிருந்த தாயாரம்மாளுக்கு யாரோ இருவர் பனிக்குள் கொஞ்சிப் பேசுவதுபோல் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. அவள் எழுந்து வந்தபோது வேலியில் பெரிய இடைவெளி இருந்தது. பசுவும் காளையும் கழுத்தோடு கழுத்து உரசி நின்றன.

“இன்னாங்க, காளை வேலியை முறிச்சிடுச்சா?”

லோகநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பசு சினையானது. அண்ணனும் தம்பியும் சமாதானமாகப் பேசிக்கொண்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அன்று அந்தப் பனிக்குள் இந்தப் பக்கத்து முள்ளை அண்ணன் எடுத்தார், அந்தப் பக்கத்து முள்ளைத் தம்பி எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.