ஒரு கிண்ணம் கறுப்புத் தண்ணீர்

"பாய்லர் எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்டபடி கிளைவ் வாசலில் குனிந்து, பூட்ஸ்களுக்கு நீல பிளாஸ்டிக் உறை மாட்டினான்.

திருடனுக்கு நடிக்கவும் தெரிகிறது என்று கெய்லி நினைத்துக்கொண்டாள். இதே வீட்டில் போன அக்டோபரில் ஒரு முழுநாள் வேலை பார்த்ததாகச் சொல்லிக் காசு வாங்கியவன். இப்போது பாய்லர் இருக்கும் இடம் தெரியாதாம்.

"மாடிப்படிக்குக் கீழ, அலமாரிக்குள்ள" என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. புது வாடிக்கையாளர் போலப் பேசித்தான் அவனை வரவழைத்திருந்தாள். கார்டிகன் பைக்குள் அவளுடைய போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் கெய்லி. லீட்ஸில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. படிப்புக் கடனும் வாடகையும் தின்றது போக மிஞ்சியதைச் சேர்த்து, பார்ன்ஸ்லியில் தனியாக இருக்கும் அம்மா லினெட்டுக்கு அறுநூற்றைம்பது பவுண்டு அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் நெஞ்சுச் சளி. வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர்களோ மேலே சுடும், கீழே ஐஸ். குழாய்களுக்குள் துருச்சேறு அடைத்துவிட்டது, மெஷின் வைத்து மருந்து ஊற்றிக் கழுவினால்தான் சரியாகும் என்றார்கள். வெறும் தண்ணீரை ஓட்டி விடுவதற்கா இவ்வளவு பணம் என்று முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா இருமுவதைப் போனில் கேட்ட பிறகு பேசாமல் அனுப்பிவிட்டாள்.

வேலை முடிந்த அன்று அம்மா போனில் வாய் ஓயாமல் சொன்னாள். கிளைவ் தங்கமான ஆளாம். பூட்ஸுக்கு உறை போட்டுத்தான் உள்ளே வந்தானாம். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரையாம். மெஷின் போட்ட சத்தத்தில் குட்டி மத்தியானம் கண்ணையே மூடவில்லையாம். அண்ணன் டேரனின் குழந்தையை வார நாள்களில் அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். "வாளி வாளியா கறுப்புத் தண்ணி வந்துச்சுடி" என்று அம்மா சொன்னபோது, தன் காசு உருப்படியாகச் செலவான சந்தோஷத்தில் கெய்லிக்குக் கண் கலங்கியது.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், அம்மா சோபாவில் கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். மேலே சூடு, கீழே ஐஸ்.

அந்த ஆளைக் கூப்பிடு என்றதற்கு அம்மா பதறினாள். "விடுடி. பழைய வீடு, இப்படித்தான் இருக்கும். அவர் பாவம், நல்ல மனுஷன்."

இந்த இரக்கம்தான் கெய்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துப் பேசுகிற எவனும் அம்மாவை மொட்டையடித்துவிட்டுப் போகலாம். இன்று அம்மா கடைக்குப் போகும்வரை காத்திருந்து, இணையத்தில் எண்ணைத் தேடிப்பிடித்து கிளைவுக்குப் போன் செய்தாள்.

இப்போது அவன் முன்னறை ரேடியேட்டர் முன் மண்டியிட்டு, சின்னச் சாவியால் திருகி, சமையலறைக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தான். மை போல வந்தது. ஒரு காந்தத்தை அதில் முக்கி எடுத்தான். காந்தத்துக்குத் துருவாலான தாடி முளைத்திருந்தது.

இந்தக் குழாய்களை யாரும் கழுவியதே இல்லை என்றான். எட்டு ரேடியேட்டர், ஒரு நாள் வேலை, மருந்து, எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ஆகும்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. யாரும் கழுவலையா?"

"கழுவியிருந்தா இந்தத் தண்ணி இப்படியா இருக்கும்?"

"இருக்காதுல்ல? அந்த அறுநூத்தம்பத அக்டோபர்லயே வாங்கியாச்சே நீங்க. இந்த வீட்டுக்கு. எங்க அம்மாகிட்ட."

கிளைவ் அவளை விழித்துப் பார்த்தான். காந்தத்திலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

கெய்லி விடவில்லை. போனை எடுத்து அவன் கண்முன் ஆட்டினாள். "நோயாளிப் பொம்பள, தனியா கெடக்கா, கேக்க நாதி இல்லன்னு நெனச்சீங்களா? கேக்க நான் இருக்கேன்." நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுப்பேன் என்றாள். ஊரில் இன்னொரு வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்காது என்றாள்.

அவன் காது மடல்வரை சிவந்துவிட்டது. "இந்த வாசப்படிய நான் மிதிச்சதே இன்னிக்குத்தான் கண்ணு."

"அப்ப எங்க அம்மா பொய் சொல்றாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு காந்தத்தைத் துணியால் துடைத்தான். கெய்லிக்குத் திருப்தியாக இருந்தது.

வாசல் கதவில் சாவி திரும்பியது. கையில் பால் பாட்டிலோடு உள்ளே வந்த அம்மா, கிண்ணத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"வாம்மா" என்றாள் கெய்லி. "பயப்படாத. நான் இருக்கேன். இந்த ஆள் மூஞ்சியப் பாத்து நீயே கேளு."

 கிளைவின் முகம், தொலைத்த பொருள் கிடைத்தவன் முகம்போலத் தெளிந்தது.

"அட, நீங்களாம்மா? நான் கழுவி விட்டப்புறம் மகன் வீட்ல இப்ப நல்லா சூடு ஏறுதா?"