வரி பாக்கி வாசல்

“குப்பைத் தொட்டி ஏம்மா நம்ம வீட்டுக்கு மட்டும் வந்திருக்கு?” என்று சிறுமியாக இருந்தபோது மங்களத்தின் மகள் கேட்டாள். வீட்டு வரி பாக்கிக்காக மாநகராட்சி ஆட்கள் தெருவின் பெரிய தொட்டியை அவர்கள் வாசலுக்கு உருட்டிவந்து நிறுத்திய நாள் அது. எதிர்வீட்டுச் சற்குணம் வேண்டுமென்றே தெருவைக் கடந்து வந்து, மீன் கழிவை வெளியே சிந்தும்படி கொட்டினாள். “வரி கட்டாத வாசல்தானே, நாறட்டும்” என்று சிரித்தாள். மங்களம் வளையலை அடகு வைத்து வரியைக் கட்டியதும் தொட்டி போய்விட்டது. அந்தச் சிரிப்பு போகவில்லை.

வருடங்கள் கழித்து இன்று காலை, தொட்டி சற்குணத்தின் வாசலுக்கு வந்தது.

“தம்பி, சாயங்காலம் பொண்ணு பாக்க வராங்கப்பா. நாளைக்கு வெச்சுக்கக் கூடாதா?”

“ரசீதைக் காட்டுங்கக்கா, உடனே எடுத்துடறோம்.”

கதவிடுக்கில் நின்று கேட்ட மங்களத்துக்குப் பாயசம் குடித்தது போலிருந்தது. மீன் வாங்கி, செதிலையும் குடலையும் ஒரு பையில் கட்டி வைத்தாள்.

தெரு உறங்கும் மதிய வெயிலில் பையோடு போனாள். தொட்டியின் சக்கரங்களை விட்டு வளைத்து, வருகிறவர்களுக்காக அகலமாய்க் கோலம் போட்டிருந்தாள் சற்குணம். மங்களம் அதை வெகுநேரம் பார்த்தாள். இவளைக் குனியவைக்க இன்னும் வலுவான வழி ஒன்று இருந்தது. பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கோலம் கலையாமல், தொட்டியைத் தன் வாசலுக்கே தள்ளிவந்தாள்.

மாலையில் காரைவிட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். “எதிர்வீட்டுக்காரங்க வரி கட்டலையோ?”

சற்குணம் எதிர்வாசலுக்குப் போயிருந்த தொட்டியைப் பார்த்தாள். அவள் தலை குனியும்வரை மங்களம் தன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.